போரில் ஆஸ்பத்திரி எப்போது சட்டக் காப்பை இழக்கிறது?

பாறசாலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையில் எந்த ஊரில் விசாரித்தாலும், நர்ஸிங் படித்துவிட்டு வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணைச் சொல்வார்கள். களியக்காவிளையில் மாநில எல்லை குறுக்கே போகிறது. அந்தப் பக்கம் கேரளம், இந்தப் பக்கம் தமிழ்நாடு. இரண்டு பக்கத்துத் தமிழ் வீடுகளிலும் கனவும் கடனும் ஒரே மாதிரிதான்: பிள்ளை நர்ஸ் ஆகணும், கல்ஃபுக்குப் போகணும், படிக்க வாங்கிய பணத்தை அடைக்கணும். அதனால் ஏதோ ஒரு நாட்டில் ஆஸ்பத்திரி மேல் குண்டு விழுந்தது என்று டிவியில் காட்டினால், இங்கே முதலில் எழுகிற கேள்வி "நம்ம ஆட்கள் யாராவது அங்கே இருக்காங்களா?" என்பதுதான்.

அந்தக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. 2014 ஜூனில் ஈராக்கின் திக்ரித் நகரம் ஐ.எஸ். அமைப்பின் கைக்குப் போனபோது, அங்கிருந்த ஆஸ்பத்திரியில் 46 இந்திய நர்ஸ்கள் சிக்கிக்கொண்டார்கள். ஒருவரைத் தவிர எல்லோரும் கேரளத்துக்காரர்கள். அந்த ஒருவர் தூத்துக்குடிப் பெண். ஆயுததாரிகள் அவர்களை மொசூலுக்குக் கொண்டுபோய், பிறகு விடுவித்தார்கள். ஜூலை 5 அன்று தனி விமானம் கொச்சியில் இறங்கியது. அடுத்த ஆண்டு ஏமனில் போர் மூண்டபோது இந்தியா தன் குடிமக்கள் 4,600-க்கும் மேற்பட்டவர்களைக் கப்பலிலும் விமானத்திலும் மீட்டுக் கொண்டுவந்தது. அவர்களிலும் நர்ஸ்கள் ஏராளம். 2016 மார்ச்சில் லிபியாவில் எறிகணை விழுந்து கேரள நர்ஸ் ஒருவரும் அவருடைய குழந்தையும் இறந்துபோனார்கள்.

ஆஸ்பத்திரியைத் தாக்கக் கூடாது என்று உலகச் சட்டம் இருப்பது ஏறக்குறைய எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் ஏன் தாக்குகிறார்கள், தாக்கியவர்கள் எப்படித் தப்பிக்கிறார்கள் என்பதுதான் விளங்குவதில்லை. போரில் சட்டமாவது ஒன்றாவது என்று பலரும் கைவிரித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாம் நினைப்பதைவிடச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. அதில் ஒரு விதிவிலக்கும் இருக்கிறது, மிகக் குறுகலானது. ஆஸ்பத்திரியை அடித்த படைகள் பெரும்பாலும் அந்த விதிவிலக்கைத்தான் காரணமாகக் காட்டுகின்றன. அது எவ்வளவு சிறியது என்று நமக்குத் தெரிந்திருந்தால், "உள்ளே எதிரிகள் ஒளிந்திருந்தார்கள்" என்ற ஒற்றை வரியோடு பேச்சு முடிந்துவிடாது.

நெய்யூருக்கு வந்த டாக்டர்

இந்தச் சட்டத்தின் அடிப்படையைப் புரிந்துகொள்ள, எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரிலிருந்தே தொடங்கலாம். 1838-ல் லண்டன் மிஷன் அங்கே மருத்துவப் பணியைத் தொடங்கியது. அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956 நவம்பர் 1 அன்றுதான் இந்தப் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நெய்யூர் ஆஸ்பத்திரியின் பெயரை நாடறியச் செய்தவர்களில் ஒருவர் ஹோவர்டு சோமர்வெல். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப்போன ஆங்கிலேயக் குழுக்களில் இருந்தவர். முதல் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூரில் ஒரே ஒரு அறுவை மருத்துவர் முடிவில்லாத நோயாளி வரிசையோடு போராடுவதைப் பார்த்தார். லண்டனில் காத்திருந்த வாய்ப்புகளை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிட்டார். பிற்காலத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் பணியாற்றினார்.

அதற்கு முன்னால் அவர் இருந்த இடம் முதல் உலகப் போரில் பிரான்ஸின் சோம் போர்முனை. 1916 ஜூலை 1, ஒரே நாளில் பிரிட்டிஷ் படையில் 57,000-க்கும் அதிகமானோர் விழுந்தார்கள். அவர்களில் 19,000-க்கும் மேல் இறந்தவர்கள். காயம்பட்டவர்களைக் கொண்டுவந்து சேர்க்கும் கூடாரத்தில் சோமர்வெல்லும் இன்னும் மூன்று அறுவை மருத்துவர்களும் இருந்தார்கள். வெளியே ஸ்ட்ரெச்சர்களில் நூற்றுக்கணக்கானோர். கிடைத்த சிறு இடைவேளையில் அவர் வெளியே வந்து, சாகக் கிடந்தவர்களிடம் பேசினார். அவர்களில் ஒருவர்கூடத் தன்னை முதலில் கவனிக்கச் சொல்லவில்லை என்பது அவர் மனதைவிட்டு அகலவே இல்லை. அதற்குப் பிறகு கடைசிவரை அவர் போரை எதிர்ப்பவராகவே வாழ்ந்தார்.

யாரை முதலில் பார்ப்பது? போர்க்காலச் சட்டத்தின் உயிர்நாடி இந்தக் கேள்விதான். 1949 ஆகஸ்ட் 12 அன்று கையெழுத்தான முதலாம் ஜெனீவா உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு இதற்கு நேரடியாகவே விடை சொல்கிறது: அவசர மருத்துவக் காரணம் ஒன்றுதான் யாருக்கு முதலில் சிகிச்சை என்பதைத் தீர்மானிக்கலாம். நம்ம படைக்காரனா, எதிரிப் படைக்காரனா, அதிகாரியா, சிப்பாயா, என்ன மதம், என்ன இனம் என்பதெல்லாம் கணக்கில் வராது. வயிற்றில் குண்டு பாய்ந்த எதிரியும் விரல் முறிந்த நம் ஆளும் ஒன்றாக வந்தால் எதிரிக்குத்தான் முதல் இடம். குண்டு பட்டு விழுந்த நிமிடத்திலிருந்து அவன் நோயாளி.

இந்த எண்ணத்துக்கு 1859 ஜூனில் இத்தாலியின் சோல்பரீனோவில் விதை விழுந்தது. போருக்குப் பின் கேட்பாரற்றுக் கிடந்த காயம்பட்டவர்களைப் பார்த்த சுவிஸ் வணிகர் ஆன்ரி துனான், பக்கத்து ஊர்ப் பெண்களைத் திரட்டி இரு தரப்பாருக்கும் பணிவிடை செய்தார். 1863-ல் செஞ்சிலுவை இயக்கம் பிறந்தது. 1864-ல் முதல் ஜெனீவா உடன்படிக்கை. அது போர்க்களத்தில் காயம்பட்ட படைவீரர்களுக்கானது. பொதுமக்களுக்கென்று தனியாக ஒரு முழு உடன்படிக்கை வர இரண்டாம் உலகப் போர் முடிய வேண்டியிருந்தது. 1949-ன் நான்கு உடன்படிக்கைகளில் நான்காவது அதுதான். இன்று உலகின் எல்லா நாடுகளும் இந்த நான்கையும் ஏற்றிருக்கின்றன. இந்தியா 1950-லேயே ஏற்றது. 1960-ல் அதற்கென்று உள்நாட்டுச் சட்டமும் இயற்றியது.

விதிவிலக்கின் அளவு

நான்காம் உடன்படிக்கையின் 18-ஆம் பிரிவு, பொதுமக்களுக்கான ஆஸ்பத்திரியை எந்தச் சூழலிலும் தாக்கக் கூடாது என்கிறது. 19-ஆம் பிரிவில்தான் விதிவிலக்கு வருகிறது. ஆஸ்பத்திரி தன் மருத்துவக் கடமைக்குப் புறம்பாக, எதிர்த்தரப்புக்குத் தீங்கு விளைக்கும் செயலுக்குப் பயன்பட்டால் மட்டுமே காப்பை இழக்கும். மாடியில் பீரங்கி வைப்பது, உள்ளிருந்து சுடுவது, அதைத் தாக்குதலுக்கான கட்டளை மையமாக நடத்துவது போன்றவை அதில் சேரும்.

அப்படி நடந்தால்கூட உடனே அடித்துவிட முடியாது. முன்னெச்சரிக்கை கொடுக்க வேண்டும். நியாயமான கால அவகாசம் கொடுக்க வேண்டும். எச்சரிக்கையை அவர்கள் மதிக்காமல் போன பிறகுதான் காப்பு விலகும். "நியாயமான அவகாசம்" என்பதை ஒரு நர்ஸின் கண்ணால் பாருங்கள். வென்டிலேட்டரில் இருப்பவர்களை மாற்ற ஆம்புலன்ஸ் வேண்டும், ஆக்சிஜன் சிலிண்டர் வேண்டும், பாதுகாப்பான சாலை வேண்டும், போய்ச் சேர இன்னொரு ஆஸ்பத்திரியில் இடம் வேண்டும். இன்குபேட்டரில் இருக்கிற குறைமாதக் குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. இதற்கெல்லாம் வழி இல்லாத ஊருக்கு ஃபோன் போட்டு "காலி பண்ணுங்க" என்று சொல்லிவிட்டால் சட்டம் கேட்கும் எச்சரிக்கை கொடுத்ததாக ஆகாது.

அடுத்த வரி இன்னும் முக்கியம், ஆனால் செய்திகளில் அதிகம் அடிபடாதது. காயம்பட்ட போராளிகளுக்கு அங்கே சிகிச்சை நடப்பதையும், அவர்களிடமிருந்து எடுத்து வைத்த சிறு ஆயுதங்கள் இன்னும் ஒப்படைக்கப்படாமல் அங்கே இருப்பதையும் தீங்கான செயலாகக் கொள்ளக் கூடாது என்று 19-ஆம் பிரிவே எழுதி வைத்திருக்கிறது. ஆகவே வார்டில் போராளி படுத்திருந்தார், கட்டிலடியில் துப்பாக்கி கிடைத்தது என்று படம் காட்டினால் அது மட்டும் போதாது. அந்த ஆள் காயம்பட்டவரா, அந்தக் கட்டடத்திலிருந்து சண்டை நடந்ததா, எச்சரிக்கை எப்போது போனது என்று நாம் கேட்க வேண்டும்.

காப்பு விலகிய பிறகும் உள்ளே இருக்கிற நோயாளியின் காப்பு விலகுவதில்லை. கிடைக்கப்போகும் ராணுவ ஆதாயத்தோடு ஒப்பிட்டால் பொதுமக்களுக்கு நேரும் இழப்பு மிதமிஞ்சியதாக இருக்கும் என்றால், அந்தத் தாக்குதலை நிறுத்திவைக்க வேண்டும். ஒரு தரப்பு பொதுமக்களைக் கேடயமாக வைத்துக்கொள்வது போர்க்குற்றம். ஆனால் அந்தக் குற்றத்தைக் காட்டி, கேடயமாக நிறுத்தப்பட்டவர்களைக் கொல்லும் உரிமை மறு தரப்புக்கு வந்துவிடாது.

நர்ஸ்கள் தங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதும் இதிலேயே உண்டு. 20-ஆம் பிரிவு டாக்டரையும் நர்ஸையும் மட்டும் காப்பதில்லை. ஆஸ்பத்திரியை நடத்தும் வேலையில் முறையாக இருக்கிற எல்லோரையும் காக்கிறது. ஆம்புலன்ஸ் ஓட்டுநர், அலுவலக ஊழியர், ஜெனரேட்டர் பார்ப்பவர் எல்லோரும் அதில் அடக்கம். காயம்பட்டவர்களுக்குப் பணிவிடை செய்ததற்காக யாரையும் எப்போதும் தொல்லைப்படுத்தவோ தண்டிக்கவோ கூடாது என்று முதலாம் உடன்படிக்கையின் 18-ஆம் பிரிவு சொல்கிறது. ஒரு நகரத்தைப் புதிதாகப் பிடித்தவர்கள் வந்து "நேற்றுவரை யாருக்கெல்லாம் மருந்து போட்டே?" என்று மிரட்டினால், அந்தப் பெண் செய்ததில் குற்றம் எதுவும் இல்லை என்பதற்கு உலகமே கையெழுத்துப் போட்ட வரி அது.

குண்டூசில் நடந்தது

2015 அக்டோபர் 3 அதிகாலை, ஆப்கானிஸ்தானின் குண்டூஸ் நகரில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு நடத்திவந்த காயச் சிகிச்சை மையத்தை அமெரிக்க ஏசி-130 விமானம் சுட்டுத் தகர்த்தது. 42 பேர் இறந்தார்கள்: நோயாளிகள் 24, ஊழியர்கள் 14, உடனிருந்த உறவினர்கள் 4. அந்தக் கட்டடம் எங்கே இருக்கிறது என்ற துல்லியமான விவரத்தை அந்த அமைப்பு முன்கூட்டியே படைகளுக்குக் கொடுத்திருந்தது. தாக்குதல் நடந்துகொண்டிருக்கும்போதே அதிகாரிகளுக்கு ஃபோன் செய்து கதறியும் பார்த்தது.

அமெரிக்க ராணுவம் நடத்திய விசாரணையில் வெளிவந்தது என்ன? விமானத்தில் இருந்தவர்கள் தேடியது சில நூறு மீட்டர் தள்ளியிருந்த, தாலிபான் கையில் இருந்த வேறொரு கட்டடத்தை. இலக்கு எங்கே என்று கொடுத்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் ஒரு வெற்று வயலைக் காட்டின. வாய்மொழியாகச் சொன்ன அடையாளத்தை வைத்து, அதைப்போலத் தெரிந்த பெரிய கட்டடத்தைத் தேர்ந்தார்கள். தாக்கக் கூடாத இடங்களின் பட்டியலில் அந்த ஆஸ்பத்திரி இருந்தது. அவசரமாகக் கிளம்பிய விமானத்தில் அந்தப் பட்டியல் ஏறவில்லை. அந்தக் கட்டடத்திலிருந்து தங்களை நோக்கி எந்தத் தாக்குதலும் வரவில்லை என்பதைப் பார்த்தும் சுட்டார்கள். கடைசியில் 16 பேர் மீது துறைவழி நடவடிக்கை வந்தது. குற்ற வழக்கு இல்லை. வேண்டுமென்றே செய்யவில்லை, ஆகவே போர்க்குற்றம் இல்லை என்று முடித்தார்கள்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம், பொதுமக்களைக் காப்பது நல்லெண்ணத்தால் மட்டும் நடக்கிற காரியம் இல்லை என்பதை இது காட்டுவதுதான். யாரிடம் பட்டியல் இருக்கிறது, அது விமானத்துக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது, சந்தேகம் வந்தால் யார் "நிறுத்து" என்று சொல்லலாம், ஃபோன் வந்தால் எத்தனை நிமிடத்தில் அது விமானிக்குப் போகிறது என்பதையெல்லாம் படைகள் முன்னாலேயே ஒழுங்கு செய்து வைக்க வேண்டும். அதைச் செய்யாத அலட்சியத்துக்கு இன்னும் சரியான தண்டனை இல்லை. சட்டத்தின் உண்மையான ஓட்டை அங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

நமக்குப் பக்கத்தில்

களியக்காவிளை அருகே கோழிவிளையிலும், மார்த்தாண்டத்தை ஒட்டிய ஞாறான்விளையிலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. எங்கள் பக்கத்தில் இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் காஸாவையும் உக்ரைனையும் மட்டும் சொல்லிவிட்டு அந்த முகாம்களைத் தாண்டிப் போய்விட முடியாது.

1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். அமைதி காக்கப் போன இந்தியப் படை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தது. அன்றும் மறுநாளும் நோயாளிகளும் டாக்டர்களும் நர்ஸ்களும் ஊழியர்களுமாக 60-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அங்கிருந்து தங்களைச் சுட்டார்கள் என்பது படைத்தரப்பு சொன்ன காரணம். சீருடையில், கையைத் தூக்கிக்கொண்டு, தாங்கள் டாக்டர்கள் என்று சொல்லி வந்தவரைச் சுட்டதற்கு எந்த விதிவிலக்கிலும் இடமில்லை. இதற்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. நம் நாட்டின் படை செய்தது என்பதற்காக இதை மெதுவாகச் சொல்லிப் பழகிவிட்டோம், அது தவறு.

அதே ஆஸ்பத்திரியில்தான் மாற்று வழி ஒன்றும் பிறந்தது. 1990-ல் சர்வதேச செஞ்சிலுவைக் குழு இலங்கை அரசோடும் விடுதலைப் புலிகளோடும் பேசி, ஆஸ்பத்திரியையும் அதைச் சுற்றிய பகுதியையும் பாதுகாப்பு வலயமாக்கியது. நான்காம் உடன்படிக்கையில் அதற்கு வழி இருக்கிறது. இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டது, நடுவில் ஒரு நடுநிலையாளர் அங்கேயே தங்கியிருந்தது என்ற இரண்டு காரணங்களால் அதற்குப் பலம் இருந்தது.

2009-ன் வன்னியில் இந்த இரண்டுமே இல்லை. ஜனவரி முதல் அரசு அடுத்தடுத்து அறிவித்த "துப்பாக்கிச் சூடற்ற வலயங்கள்" ஒரு தரப்பு மட்டும் கோடு போட்டு அறிவித்தவை. ஐ.நா. பொதுச் செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011-ல் கொடுத்த அறிக்கையின்படி, 3,30,000 பேர் வரை அந்தச் சுருங்கிக்கொண்டே போன நிலத்தில் சிக்கியிருந்தார்கள். வன்னியின் எல்லா ஆஸ்பத்திரிகளும் எறிகணைக்கு இலக்காயின, சில மீண்டும் மீண்டும். அவை எங்கே இருக்கின்றன என்பது அரசுக்கு நன்றாகத் தெரியும். புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி பிப்ரவரி முதல் வாரத்தில் பலமுறை அடிபட்டது. நோயாளிகளைப் புதுமாத்தளனுக்கு மாற்றினார்கள், அப்புறம் முள்ளிவாய்க்காலுக்கு. பள்ளிக்கூடமும் தார்ப்பாயும்தான் ஆஸ்பத்திரி. உள்ளே இருக்கும் மக்களின் எண்ணிக்கையை அரசு வேண்டுமென்றே குறைத்துச் சொன்னதையும், உணவும் அறுவைச் சிகிச்சைக்கான மருந்துகளும் போதுமான அளவு போகாமல் தடுத்ததையும் அதே அறிக்கை சொல்கிறது.

புலிகள் மக்களை வெளியேற விடவில்லை என்பதும், தப்பி ஓடியவர்களைச் சுட்டார்கள் என்பதும், ஆஸ்பத்திரி போன்ற இடங்களுக்குப் பக்கத்திலிருந்து பீரங்கி இயக்கினார்கள் என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு தரப்பின் குற்றத்தை மறைத்து இன்னொரு தரப்பின் குற்றத்தை நிறுவ வேண்டிய தேவை இந்தச் சட்டத்துக்கு இல்லை. ஒவ்வொருவரும் தன் கடமைக்குத் தனியாகப் பொறுப்பு. மற்றவர் மீறினார் என்பதால் நம் கடமை ரத்தாவதில்லை.

பிப்ரவரி 10-லிருந்து செஞ்சிலுவைக் குழு கடல் வழியாகக் கப்பலில் காயம்பட்டவர்களையும் அவர்களுடைய குடும்பத்தாரையும் ஆயிரக்கணக்கில் ஏற்றிச் சென்றது. கரையில் படகு ஒதுங்கும் இடத்திலும் எறிகணை விழுந்த காலம் அது. கடைசிவரை வன்னியில் நின்று வேலை பார்த்த அரசு டாக்டர்கள், வெளியே ஃபோனில் இறப்பு விவரங்களைச் சொன்னதற்காக மே மாதம் தடுத்து வைக்கப்பட்டார்கள். ஜூலையில் அவர்களைக் கொழும்பில் செய்தியாளர்கள் முன் உட்கார வைத்து, தாங்கள் முன்பு சொன்னது மிகை என்று சொல்ல வைத்தார்கள். சிகிச்சை கொடுத்தவரைத் தண்டிக்கக் கூடாது என்ற அந்த 18-ஆம் பிரிவு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு நம் மொழியிலேயே கிடைக்கிற சாட்சி இது.

குண்டு விழாமலே சாகிறவர்கள்

போரில் இறந்தவர்கள் என்று எண்ணும்போது உடலில் குண்டு பட்டவர்களைத்தான் எண்ணுகிறோம். டயாலிஸிஸ் நின்றுபோனவர், இன்சுலின் வைக்கக் குளிர்பெட்டி ஓடாதவர், சிசேரியன் தேவைப்பட்டும் சாலை மூடியிருந்ததால் வந்து சேர முடியாதவர் எல்லாம் அந்தக் கணக்கில் வருவதில்லை. ஆஸ்பத்திரி என்பது மின்சாரம், டீசல், தண்ணீர், ரத்த வங்கி, ஊழியர் வந்துபோகும் சாலை எல்லாம் சேர்ந்தது. இதில் ஒன்றை அறுத்தாலே போதும். ஏமனில் தண்ணீர் சுத்திகரிப்பும் கழிவுநீர் அமைப்பும் சிதைந்த பிறகு, 2017 டிசம்பருக்குள் காலரா என்று சந்தேகிக்கப்பட்டோர் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டியது. மருந்துப் பொருட்களுக்கு வழிவிட வேண்டும் என்று நான்காம் உடன்படிக்கையின் 23-ஆம் பிரிவு சொல்கிறது. பட்டினியைப் போர் முறையாகப் பயன்படுத்துவதை 2018-ல் ஐ.நா. பாதுகாப்பு அவை 2417-ஆம் தீர்மானத்தில் கண்டித்தது. சூடானின் எல் ஃபாஷர் நகரம் ஒன்றரை ஆண்டு முற்றுகைக்குப் பின் 2025 அக்டோபரில் வீழ்ந்தபோது, அங்கிருந்த மகப்பேறு ஆஸ்பத்திரியில் நோயாளிகளும் உடனிருந்தோருமாக 460-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்த ஊரில் முற்றுகை முதலில் மருந்தை நிறுத்தியது. துப்பாக்கி பிறகு வந்தது.

மனம் வைத்தால் சண்டைக்காரர்களால் நிறுத்த முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 1985-ல் எல் சால்வடோரில் யுனிசெஃப் பேச்சு நடத்தி, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவதற்காக இரு தரப்பும் சில நாட்கள் சண்டையை நிறுத்தின. இலங்கையிலும் போலியோ சொட்டு மருந்துக்காக அப்படி அமைதி நாட்கள் கிடைத்தன. 2024 செப்டம்பரில் காஸாவில்கூட, போலியோவுக்காகப் பகுதி பகுதியாகத் தாக்குதல் நின்றது. முதல் சுற்றில் சுமார் 5,60,000 குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து போய்ச் சேர்ந்தது. சொட்டு மருந்துக்கு நிற்க முடிந்த துப்பாக்கி ஆம்புலன்ஸுக்கு ஏன் நிற்காது என்ற கேள்வியை அந்தந்த அரசுகளிடம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

சிவப்புச் சிலுவை யாருடையது?

அமரவிளையிலிருந்து குழித்துறை வரை சாலையோரம் பார்த்துக்கொண்டே வந்தால் மருந்துக்கடைப் பலகையிலும், கிளினிக் வாசலிலும், தனியார் ஆம்புலன்ஸிலும், டாக்டரின் கார் கண்ணாடியிலும் வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவையைக் காணலாம். அது மருத்துவத்தின் பொதுச் சின்னம் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. போரில் ராணுவ மருத்துவப் பிரிவுக்கும், செஞ்சிலுவை இயக்கத்துக்கும், அனுமதி பெற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் மட்டுமான காப்புச் சின்னம் அது. செம்பிறையும், 2005-ல் ஏற்கப்பட்ட செம்படிகமும் அதற்குச் சமமானவை. இந்தியாவின் 1960 சட்டம் மற்றவர்கள் அதைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. அபராதம் 500 ரூபாய் வரை, அந்தப் பொருளையும் பறிமுதல் செய்யலாம். அந்தத் தொகை அறுபது ஆண்டுகளுக்கு முன்னால் எழுதியது. இன்று யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் அந்தச் சின்னத்தின் ஒரே பலம் நம்பிக்கை. அதைப் பார்த்தால் அங்கே சண்டைக்காரன் இருக்க மாட்டான் என்று எதிரி நம்ப வேண்டும். 2008 ஜூலையில் கொலம்பியா ராணுவம் பிணைக்கைதிகளை மீட்டபோது ஒரு சிப்பாய் செஞ்சிலுவைச் சின்னம் அணிந்திருந்தார். அந்நாட்டு அதிபரே பிறகு அதை ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் பின் லாடனைத் தேடிய சி.ஐ.ஏ., ஒரு மஞ்சள் காமாலைத் தடுப்பூசி முகாமை உளவுக்குப் பயன்படுத்தியது. அது வெளியே தெரிந்த பிறகு தடுப்பூசிப் பணியாளர்கள் மீது ஏற்கெனவே இருந்த சந்தேகம் வெறியாக மாறியது. 2012 டிசம்பரிலிருந்து போலியோ சொட்டு மருந்து கொண்டுபோன பெண்கள் அங்கே அடுத்தடுத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இனித் தடுப்பூசித் திட்டங்களை உளவுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று வெள்ளை மாளிகை 2014-ல் உறுதி சொன்னது. 2024 ஜனவரியில் மேற்குக் கரையின் ஜெனின் நகர ஆஸ்பத்திரிக்குள் இஸ்ரேலியப் படையினர் மருத்துவ ஊழியர், பொதுமக்கள் வேடத்தில் நுழைந்து மூன்று பேரைக் கொன்றார்கள். வெள்ளை கோட்டுக்குள் சிப்பாய் இருக்கலாம் என்று ஒருமுறை ஆகிவிட்டால், அடுத்த ஊரில் உண்மையான டாக்டரும் சந்தேகத்துக்குரியவர் ஆகிவிடுகிறார்.

யார் கேட்பது?

2016 மே 3 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை 2286-ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. மருத்துவ ஊழியர்களையும் ஆஸ்பத்திரிகளையும் தாக்குவதைக் கண்டித்து, விசாரணை வேண்டும் என்றது. எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் முன்மொழிந்தன. அதற்குப் பிறகு தாக்குதல் குறையவில்லை. 2025 மார்ச் 23 அன்று தெற்கு காஸாவில் ஆம்புலன்ஸ்கள் மீதும் மீட்பு வண்டிகள் மீதும் இஸ்ரேலியப் படை சுட்டதில் 15 பேர் இறந்தார்கள். செம்பிறைச் சங்கத்தினர் 8 பேர், தீயணைப்பு மீட்பாளர்கள் 6 பேர், ஐ.நா. ஊழியர் ஒருவர். உடல்கள் ஒரு வாரம் கழித்து மணலுக்கு அடியிலிருந்து எடுக்கப்பட்டன. வண்டிகள் விளக்கு இல்லாமல் சந்தேகப்படும்படி வந்தன என்று முதலில் சொன்னார்கள். இறந்தவர் ஒருவருடைய ஃபோனில் கிடைத்த காணொளியில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அதன் பிறகு அந்த விளக்கத்தைப் படை திரும்பப் பெற்றது. தாக்கியவர் சொல்லும் முதல் காரணத்தை ஏன் உடனே ஏற்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் எனக்குத் தேவைப்படவில்லை.

ஆஸ்பத்திரியை வேண்டுமென்றே தாக்குவது சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றச் சட்டப்படி போர்க்குற்றம். ஆனால் அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இஸ்ரேல், இலங்கை, இந்தியா எதுவும் அந்த நீதிமன்றத்தில் உறுப்பு இல்லை. ஜெனீவா உடன்படிக்கைகளுக்கு 1977-ல் வந்த கூடுதல் நெறிமுறைகளிலும் இந்தியா சேரவில்லை. உள்நாட்டில் 1960 சட்டம் இருந்தாலும், அரசு அல்லது அரசு நியமித்த அதிகாரி புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் வழக்கை எடுக்கலாம் என்று அதன் 17-ஆம் பிரிவு சொல்கிறது. அரசின் படை மீது அரசே புகார் கொடுக்க வேண்டும் என்ற நிலை மாற வேண்டும். அதைப் பேசக்கூடிய எம்.பி.க்கள் இரண்டு மாநிலத்திலும் இருக்கிறார்கள்.

கிளம்புகிறவர்களுக்கு ஒன்றிரண்டு விஷயம். திக்ரித்தில் சிக்கியவர்களில் சிலர் முதலில் ஊர் திரும்பவே தயங்கினார்கள் என்று அப்போது செய்தி வந்தது. காரணம், சம்பள பாக்கியும் ஊரில் இருந்த கடனும். போர் மூண்ட இடத்திலிருந்து ஒரு நர்ஸ் ஏன் ஓடிவரவில்லை என்று கேட்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு, 2015-ல் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்குப் போகும் நர்ஸ்களுக்குக் குடியேற்ற அனுமதி கட்டாயம் என்றும், கேரளத்தின் நார்க்கா ரூட்ஸ், ஒடெபெக் போன்ற அரசு முகமைகள் வழியாகத்தான் ஆள் எடுக்க வேண்டும் என்றும் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. தமிழ்நாட்டுக்கு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அந்த வேலையைச் செய்கிறது. 2016-ல் லிபியாவுக்கும் 2017-ல் ஏமனுக்கும் இந்தியர்கள் போவதற்குத் தடை வந்தது. சுற்றுலா விசாவில் கூட்டிப்போய் அங்கே மாற்றித் தருகிறேன் என்று சொல்லும் ஏஜென்ட்டை நம்பிப் போனால், சண்டை வரும்போது தூதரகத்தின் பட்டியலில் உங்கள் பெயர் இருக்காது. போய் இறங்கியதும் தூதரகத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள். பாஸ்போர்ட்டை ஆஸ்பத்திரி நிர்வாகம் வாங்கி வைத்துக்கொண்டால் ஒரு நகலையாவது வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். போர் வந்தால் திரும்பும் செலவு யாருடையது, பாக்கிச் சம்பளம் எப்படி வரும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.